பெல்ட் கழுத்தில் உரசுகிறதா? பிள்ளைகளுக்கு நாமே பழக்கிவிடும் தவறுகள்

காரில் குழந்தையை மடியில் வைக்கக் கூடாது, முன் சீட்டில் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். அதெல்லாம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் இவை.

சீட் பெல்ட்டின் தோள் பட்டையை அக்குளுக்கு அடியில் விடுவது

பின் சீட்டில் ஏழு வயதுப் பிள்ளை. "கழுத்தை அறுக்குதும்மா" என்றதும் பட்டையைக் கைக்கு அடியில் விடுகிறார்கள், அல்லது முதுகுக்குப் பின்னால் தள்ளுகிறார்கள். பக்கிள் மாட்டியிருக்கிறது என்று நிம்மதி வேறு. அக்கறையோடு செய்யப்படுவதால்தான் இது இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

மோதும்போது பெல்ட்டின் இழுவையைத் தாங்க வேண்டியவை உறுதியான எலும்புகள்: காறை எலும்பு, மார்பெலும்பு, இடுப்பெலும்பு. பட்டை அக்குளுக்குக் கீழே போனால் சுமை விலாவில் இறங்கும்; அதற்கு உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் போனால் மேலுடம்பைப் பிடிக்க ஒன்றுமில்லை. பிள்ளை இடுப்போடு மடிய, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும். குடல் கிழியலாம், முதுகெலும்பு முறியலாம்.

உரசுவதற்குக் காரணம் உயரம். காரின் பெல்ட் பெரியவர்களின் அளவுக்குச் செய்தது. ஏறக்குறைய 145 செ.மீ. உயரம் வரும்வரை சரியாகப் பொருந்தாது. பத்து வயதிலும் பல பிள்ளைகள் அவ்வளவு வளர்ந்திருப்பதில்லை. பிள்ளையைச் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். முதுகு முழுதும் சாய்ந்திருக்க, முழங்கால் சீட் விளிம்பில் மடிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் தொடையின் மேல்பகுதியில் படிய வேண்டும். தோள் பட்டை தோளின் நடுவே போக வேண்டும். பயணம் முடியும்வரை சரியாமல் அப்படியே உட்காரவும் முடிய வேண்டும். ஒன்று தவறினாலும், பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்து பெல்ட்டைப் பொருந்தச் செய்யும் பூஸ்டர் சீட் தேவை. தலையணை அதற்கு மாற்று ஆகாது: மோதலில் அது அமுங்கி நழுவும், பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிப் போகும்.

"உரசினால் சொல்லு, நீயா நகர்த்தாதே" என்று பழக்குங்கள்.

தளர்வாக விடுவது

"கிளிக்" சத்தம் கேட்டதோடு வேலை முடியவில்லை. முறுக்கு இருக்கிறதா என்று பிள்ளை உள்ளங்கையால் தடவிப் பார்க்கட்டும். பிறகு தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் இடுப்பில் உள்ள தளர்வும் போகும்.

ஒரே பெல்ட்டில் இருவர்

கூடவே கூடாது.

பின் சீட்டில் பெரியவர்கள் போடாதது

பெல்ட் போடாத தாத்தா, மோதலில் பக்கத்திலிருக்கும் பேரன்மேல்தான் விழுவார். அவரைப் பார்த்துத்தான் பேரனும் பழகுகிறான்.

"பக்கத்துத் தெருதானே"

அங்கேயும்தான்.

போலீஸைக் காட்டிப் பயமுறுத்துவது

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் பிள்ளையிடம் அதைக் காரணமாகச் சொன்னால், போலீஸ் இல்லாத சாலையில் கழற்றிவிடும். எல்லோரும் மாட்டிய பிறகுதான் வண்டி கிளம்பும், எஞ்சின் நின்ற பிறகுதான் கழற்ற வேண்டும் என்பதே வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். நடுவழியில் கழற்றினால், ஓட்டிக்கொண்டே பின்னால் கை நீட்டாதீர்கள். ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். திட்டாமல் காத்திருங்கள், பிள்ளை மாட்டியதும் கிளம்புங்கள்.