சிபி/எம் ஓட்டப் புது போர்டு தேடுற அண்ணாச்சிமாருக்கு

இசட்80 மாதிரி சிப் வச்ச பழைய கம்ப்யூட்டர்ல ஓடின ஆபரேட்டிங் சிஸ்டம்தான் சிபி/எம். அதை ஓட்ட மொதல்ல போர்டைத் தேடாதீங்க. சிபி/எம்முக்கான பயாஸை (போர்டையும் சிஸ்டத்தையும் இணைக்கிற புரோகிராம்) எந்தெந்தப் போர்டுக்கு எழுதி வச்சிருக்காங்கன்னு தேடுங்க. நான் பாளையங்கோட்டையில டிவி, ஆம்ப்ளிஃபயர் பாக்குறவன். ஈயம் வைக்கிறது எனக்கு ஒரு வேலையே இல்ல. ஆனா போர்டு எவ்வளவு அழகா இருந்தும் திரையில சிபி/எம் தயார்னு காட்டுற ஏ> வரலன்னா அந்தச் சவத்தை வச்சு என்ன செய்ய?

1974-ல கேரி கில்டால் எழுதின சிஸ்டம் இது. சிப்பைத் தொடுற வேலையெல்லாம் பயாஸ்ல தனியா நிக்கும். அதை மட்டும் மாத்தி எழுதிட்டா, அந்தக் காலத்து வேர்ட்ஸ்டார்ங்கிற டைப் அடிக்கிற புரோகிராம் இன்னைக்குச் செஞ்ச போர்டுலயும் ஓடும். அதனால ரோம்டபிள்யூபிடபிள்யூ (பல போர்டுக்குச் சிபி/எம்மைத் தயார் பண்ணிக் குடுக்கிற மென்பொருள்) கையேட்டுல இருக்கிற போர்டு பட்டியலைப் பாத்துக்கிடுங்க. ஆர்சி2014 அதுல உண்டு, ஆனா அது கார்டு கார்டா சொருகுற வகை. ஒத்தை போர்டு வேணும்னா எஸ்சி126: இசட்80 குடும்பத்து இசட்180 சிப், 512 கேபி ராம், கூடவே ஃபிளாஷ். ரெண்டும் இங்கிலாந்துல இருந்து கிட்டா, அதாவது நாமளே பத்தவைக்கிற பாகங்களா வரும். கஸ்டம்ஸையும் கணக்குல சேத்துக்கிடுங்க.

புதுசா இறங்குறவங்களுக்கு நான் சொல்றது இசட்80-எம்பிசி2. அந்தப் பட்டியலை நம்பி இல்ல, அதுக்குன்னே தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்துற புரோகிராம்) இருக்கு. நாலே ஐசி, எஸ்டி கார்டுதான் டிஸ்க். கெர்பர் ஃபைல் (போர்டு அடிக்கிறதுக்கான வரைபடம்) வெளியில கிடைக்கு. போர்டு அடிச்சுக் குடுக்கிறவங்க பெரும்பாலும் அஞ்சுக்குக் கீழ எடுக்க மாட்டாங்க, கூட்டாளி சேத்துக்கிடுங்க. ஐசி பேஸ், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் ஜங்ஷன் பக்கத்துக் கடையிலயே வாங்கிரலாம். அந்த நாலு ஐசியில ஒண்ணான ஏடிமெகா32ஏ-ல புரோகிராம் ஏத்த, வீட்டுப் பிள்ளைங்க காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கிப் போட்டிருக்கிற ஆர்டுயினோ ஊனோ போதும்.

இசட்80 சிப் வாங்குறதுலதான் உஷாரா இருக்கணும். ஜைலாக் கம்பெனி இசட்84சி00 வரிசையை 2024-ல நிறுத்திட்டு. இப்ப ஆன்லைன்ல மலிவா வர்றதுல பழைய சிப்புக்கு மேல கறுப்பு பூசி, புதுப் பேரு அடிச்சதும் இருக்கு. பஞ்சுல அசிட்டோன் தொட்டுத் தேச்சுப் பாருங்க. பூச்சு கரைஞ்சு பஞ்சு கறுத்துட்டுன்னா திருப்பி அனுப்பிருங்க. பூச்சு தப்பிச்சாலும் இன்னொரு சோதனை இருக்கு: சீமாஸ்னு (கரண்ட் கம்மியா இழுக்கிற வகை) பேரு போட்டுக்கிட்டு உள்ள பழைய என்மாஸ் வகை இருந்தா பல மடங்கு கரண்ட் இழுக்கும். அஞ்சு வோல்ட் லைன்ல மீட்டரைத் தொடரா வச்சா குட்டு வெளிப்பட்டுரும். ஐசி பேஸ் போடாம சிப்பை நேரா பத்தவைக்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான், கழட்டணும்ல.

கடைசியா போர்டைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற யூஎஸ்பி-சீரியல் கேபிள். அஞ்சு வோல்ட் சிக்னல் குடுக்கிறதா பாத்து வாங்குங்க. கம்ப்யூட்டர்ல டெர்மினல் புரோகிராம்ல வேகம் 115200, எட்டு பிட், பாரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் ஒண்ணு. எழுத்து குப்பையா வந்தா வேகம் தப்பு. ஒண்ணுமே வரலன்னா டிஎக்ஸ் (அனுப்புறது), ஆர்எக்ஸ் (வாங்குறது) வயரை மாத்திச் சொருகுங்க.