பார்ட்டிசிப்பிள் க்ளாஸ்: பள்ளியில் படித்த வினையெச்சத்தை வைத்தே பிடிக்கலாம்

"டிஸ்க்ரைப் எ பெர்சன் யூ அட்மைர்." வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குப் போகவும் எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் இந்த மாதிரி ஓர் அட்டை கைக்கு வரும். யோசிக்க 1 நிமிடம், பிறகு 2 நிமிடம் வரை நாமே பேச வேண்டும். தர்மபுரியில் நர்சிங் முடித்துவிட்டு இதற்குத் தயாரானபோது நான் என் ஆயாவைப் (பாட்டியைப்) பற்றிப் பேசிப் பழகினேன். ஃபோனில் பதிவு செய்து கேட்டால் இப்படி இருந்தது: "ஷீ காட் அப் அட் ஃபோர். ஷீ குக்ட். ஷீ வென்ட் டு வொர்க்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக நின்றது. தமிழில் ஆயாவைப் பற்றிப் பேசும்போது நான் அப்படிப் பேசுவதே இல்லை.

இந்தத் துண்டுகளைக் கோக்கும் நூல்தான் பார்ட்டிசிப்பிள் க்ளாஸ். டென்ஸும், வெர்பின் மூன்று வடிவங்களும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்காக.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளி தட்டுகிற சத்தம்தான். ஆயா செய்கிற வேலையை ஒரே மூச்சில் இப்படிச் சொல்வோம்: "ஓட்டை உடைச்சு, நாரை உரிச்சு, கொட்டையை எடுத்து, கூடையில போட்டாங்க." உடைச்சு, உரிச்சு, எடுத்து: மூன்றும் வினையெச்சம். முடிகிற வினை ஒன்றே ஒன்று. பார்ட்டிசிப்பிள் க்ளாஸ் செய்வதும் இதே வேலைதான், எச்சமாக நின்று இன்னொரு வினையைக் கொண்டு முடிவது.

ஆனால் தமிழில் நான்கு எச்சத்தைக்கூட வரிசையாகக் கோக்கலாம். ஆங்கிலத்தில் "பிரேக்கிங், பீலிங், டேக்கிங்" என்று அடுக்கினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்த மாதிரி ஒலிக்கும். அதனால் முன்னால் முடிந்த வேலைகளைச் சேர்த்து ஒரே எச்சமாக்கிவிட வேண்டும்: "ஹேவிங் கிராக்ட் த ஷெல்ஸ் அண்ட் புல்ட் ஆஃப் த ஃபைபர்ஸ், ஷீ டுக் அவுட் த சீட்ஸ்." ஒரு வாக்கியத்துக்கு ஓர் எச்சம், மிஞ்சினால் இரண்டு. ஆரம்பத்தில் இதைத் தாண்டாதீர்கள்.

படி 2: எந்த எச்சத்துக்கு எந்த வடிவம்

இரண்டு வேலையும் கூடவே நடந்தால் வெர்போடு ஐஎன்ஜி (குக்கிங், சிங்கிங் மாதிரி). ஒன்று முடிந்து மற்றது நடந்தால் ஹேவிங் போட்டு மூன்றாம் வடிவம். 'பட்டு' என்று வருகிற செயப்பாட்டுக்கு மூன்றாம் வடிவம் மட்டும் போதும். செய்யாமல் என்பதற்கு நாட் போட்டு ஐஎன்ஜி.

எடுத்துக்காட்டு தேடி எங்கும் போகவேண்டாம். பாப்பாரப்பட்டியில் நினைவிடம் இருக்கிறதே, சுப்பிரமணிய சிவா, அவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் சிறை சென்றவர், அங்கே தொழுநோய் பற்றிக்கொண்டது. அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில்தான் உயிர் பிரிந்தது. இதைத் தமிழில் "ரயிலில் ஏறத் தடுக்கப்பட்டு, ஊர் ஊராக நடந்தார்" என்போம். ஆங்கிலத்தில்: "பார்ட் ஃப்ரம் ட்ரெயின்ஸ் பிகாஸ் ஆஃப் ஹிஸ் இல்னஸ், சிவா வாக்ட் ஃப்ரம் டவுன் டு டவுன்." தடுப்பது என்கிற 'பார்' வெர்பின் மூன்றாம் வடிவம்தான் பார்ட்; அந்த ஒரே சொல்லில் 'தடுக்கப்பட்டு' முழுவதும் வந்துவிட்டது.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியைச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். 'பிறந்து' நமக்குச் செய்வினை. ஆங்கிலத்தில் அது மூன்றாம் வடிவம்: "பார்ன் இன் தொரப்பள்ளி, ராஜாஜி பிகேம் த லாஸ்ட் கவர்னர் ஜெனரல் ஆஃப் இந்தியா."

எனக்கு மிகவும் பிடித்தது அதியமான். தகடூர் என்றால் நம் தர்மபுரி. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் நெல்லிக்கனி தந்ததை ஔவையார் பாடுகிற இடத்தில் குறியாது, அடக்கி, நீங்க என்று அடுத்தடுத்து எச்சங்கள் நிற்கின்றன. கனி கிடைப்பதன் அருமையைக் கருதாமல், அதனால் வரும் பயனை மனசுக்குள் அடக்கி, எனக்குச் சாவு நீங்கக் கொடுத்தாயே என்கிறார். 'அடக்கி' அப்படியே ஐஎன்ஜி ஆகும்: "கீப்பிங் இட்ஸ் பவர் டு ஹிம்செல்ஃப், அதியமான் கேவ் த ஃப்ரூட் டு ஔவையார்." 'நீங்க' மட்டும் ஆகாது. அடக்கியவன் அதியமான், கொடுத்தவனும் அதியமான். நீங்கியது சாவு. ஆள் மாறிவிட்டது. அடுத்த படி முழுக்க இதைப் பற்றித்தான்.

படி 3: எச்சத்துக்கு ஆள் யார்?

நான் இடறிய இடம் இது. மூன்று வாரம் இதிலேயே நின்றேன். தமிழில் நான் நினைத்தது: "தாத்தா சின்ன வயசிலேயே செத்துப்போய், ஆயா தனியாளா நாலு பிள்ளைகளை வளர்த்தாங்க." எழுதியது: "டையிங் யங், மை கிராண்ட்மதர் ப்ராட் அப் ஃபோர் சில்ட்ரன்." பயிற்சி வகுப்பில் சிவப்பு மையில் ஒரு சுழி மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பத்துத் தடவை படித்த பிறகுதான் புரிந்தது. அந்த வாக்கியத்தில் செத்துப்போனது என் ஆயா. எனக்கு மனசே கேட்கவில்லை.

ஆங்கில விதி இதுதான்: எச்சத்தைச் செய்தவர் யாரோ, அவரே கமாவுக்கு அடுத்து வருகிற எழுவாயாக இருக்க வேண்டும். இது நமக்குப் புதிதும் இல்லை. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே, அதாவது அதைச் செய்தவரையே, கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. 'செய்ய' என்னும் எச்சம்தான் வேறு ஆளையும் ஏற்கும்: "மழை பெய்ய, ஏரி நிரம்பியது." ஆனால் பேச்சில் "மழை பெஞ்சு ஏரி நிரம்பிச்சு" என்கிறோம். 'ஞாயிறு பட்டு வந்தான்' என்று உரைகளிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பட்டது ஞாயிறு, வந்தது அவன். தமிழ் அதைத் தாங்கும், கேட்பவருக்குக் குழப்பம் வராது. "செட்டிங், ஹீ கேம்" என்றால் ஆங்கிலம் தாங்காது. நம் பிழை பெரும்பாலும் இந்தப் பேச்சுப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

நான் செய்கிற சோதனை: எழுதி முடித்ததும் பென்சிலால் எச்சத்தைச் சுழித்து, "யார்?" என்று கேட்டு, கமாவைத் தாண்டி முதல் பெயர்மேல் ஓர் அம்புக்குறி போடுவேன். "டையிங். யார்? தாத்தா." அம்பு போய் விழுவது கிராண்ட்மதர் மேல். அப்படியானால் வாக்கியம் தப்பு.

திருத்த இரண்டு வழி. ஒன்று, வினையை ஆயாவுடையதாக மாற்றுவது: "ஹேவிங் லாஸ்ட் ஹெர் ஹஸ்பண்ட், மை கிராண்ட்மதர்..." இழந்தவர் ஆயா, வளர்த்தவரும் ஆயா. இன்னும் சுருக்கமாக: "விடோட் அட் ட்வென்ட்டி சிக்ஸ், மை கிராண்ட்மதர் ப்ராட் அப் ஃபோர் சில்ட்ரன் அலோன்." 26 வயதில் கணவனை இழந்து என்பது மூன்றே சொல்லில். இரண்டாவது வழி, எச்சத்தையே விட்டுவிட்டு பிகாஸ் போட்டு எழுதுவது. மழையும் ஏரியும் மாதிரி இரண்டு ஆள் உள்ள இடத்தில் அதுதான் நல்லது.

படி 4: ரோல் மாடலுக்கான சொற்கள்

நூறு சொல் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். எச்சமாகவே தொடங்கக்கூடிய சொற்களை முதலில் பிடியுங்கள். இன்ஸ்பைர்ட் பை, டிரிவன் பை, நோன் ஃபார், டிடர்மின்ட் டு. இவை நான்கும் இருந்தால் இலக்கணமும் சொல்வளமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும்: "டிடர்மின்ட் டு எஜுகேட் ஹெர் டாட்டர்ஸ், ஷீ சோல்ட் ஹெர் ஒன்லி கவ்." கடைசி அசையை 'மைன்ட்' என்று இழுக்காதீர்கள், 'மின்ட்' தான்.

லுக் அப் என்றால் அகராதியில் தேடுவது. டு சேர்த்து லுக் அப் டு என்றால்தான் ஒருவரை மதித்து முன்மாதிரியாகக் கொள்வது. டேக் ஆஃப்டர் என்பது சாயலிலோ குணத்திலோ குடும்பத்துப் பெரியவர்களைக் கொண்டிருப்பது. அவர் போன வழியில் போவதற்கு ஃபாலோ இன் ஹெர் ஃபுட்ஸ்டெப்ஸ். பேர்பெற்றவர் என்று சொல்ல நினைத்து நடோரியஸ் போட்டுவிடாதீர்கள், அது கெட்ட பேருக்கு. தலைக்கனம் இல்லாதவர் டவுன் டு எர்த், தன்னலம் பாராதவர் செல்ஃப்லெஸ், விழுந்தாலும் எழுகிறவர் ரெசிலியன்ட்.

படி 5: கருவிகள்

கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதி, ஃபோனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டர், 80 பக்க நோட்டு, பென்சில். எனக்கு இவை போதுமாக இருந்தன. தானாகத் திருத்தித் தரும் ஆப்களை நான் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். திருத்தம் வந்துவிடும், காரணம் மனசில் தங்காது. அம்புக்குறியை நம் கையால் போட்டால்தான் பழகும். தமிழை ஆங்கிலமாக மாற்றித் தரும் ஆப்பும் வேண்டாம். நீங்கள் பழக வேண்டிய வேலையே அதுதான்.

பேச்சில் 2 நிமிடத்துக்கு இரண்டு மூன்று எச்சம் போதும். அதற்கு மேல் போனால் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி இருக்கும். எழுத்துத் தேர்வில் இன்னும் தாராளமாகப் போடலாம்.

பிறகு சேர்த்தது: பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார், எச்சம் வாக்கியத்தின் கடைசியிலும் வரலாமா என்று. வரலாம், கமா போட்டு: "ஷீ வொர்க்ட் டில் மிட்நைட், சிங்கிங் டு ஹெர்செல்ஃப்." கமாவை விட்டால் ஆள் மாறக்கூடும். "ஐ சா மை டீச்சர் வாக்கிங் டு த மார்க்கெட்" என்றால் நடந்தது டீச்சர். "வாக்கிங் டு த மார்க்கெட், ஐ சா மை டீச்சர்" என்றால் நடந்தது நான்.

இன்னொன்று: "பிகாஸ் நோயிங் ஹெர் வெல்" என்று இரண்டு பேர் பயிற்சியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆஃப்டர், பிஃபோர், வைல், வென் இவற்றுக்குப் பிறகு ஐஎன்ஜி வரும்: "ஆஃப்டர் ஃபினிஷிங் ஹெர் வொர்க்." பிகாஸுக்குப் பிறகு வராது. காரணம் சொல்ல நோயிங் மட்டுமே போதும்: "நோயிங் ஹெர் வெல், ஐ டிட் நாட் ஆஃபர் ஹெர் மணி." என் ஆயாவைத் தெரிந்தவர்கள் யாரும் கொடுக்கமாட்டார்கள்.