வைஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கு லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே இணையம்

புதிதாக விண்டோஸ் நிறுவிய டெஸ்க்டாப். அதிலுள்ள வைஃபை கார்டுக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். பக்கத்திலேயே லேப்டாப் வைஃபையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டபோதுதான் இந்த வழியை நான் கற்றுக்கொண்டேன். வைஃபை கார்டே இல்லாத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஒரு லேன் கேபிள் போதும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இந்த வசதி விண்டோஸுக்குள் இருக்கிறது. பெயர், இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே லேப்டாப் ஒரு குட்டி ரவுட்டராக மாறுகிறது. டெஸ்க்டாப் என்று ஒன்று இருப்பதே உங்கள் வைஃபை ரவுட்டருக்குத் தெரியாது. டெஸ்க்டாப் கேட்பதையெல்லாம் லேப்டாப் தன் பெயரில் கேட்டு வாங்கி, கேபிள் வழியே அனுப்பிவைக்கும். அதனால் மாற்றங்கள் செய்யவேண்டியது லேப்டாப்பில் மட்டும். டெஸ்க்டாப்பில் எதையாவது நோண்டி வைப்பதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

கேபிளைச் செருகுங்கள்

சாதாரண லேன் கேபிள்தான். கேட் 5இ அல்லது கேட் 6. இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்க கிராஸ்ஓவர் கேபிள் (ஒரு முனையில் கம்பிகள் இடம் மாறியிருக்கும் கேபிள்) வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் எந்தக் கம்பி அனுப்ப, எந்தக் கம்பி பெற என்பதைத் தாமே கண்டுபிடித்து மாற்றிக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் மிகப் பழைய போர்ட்டுகளாக இருந்தால் மட்டுமே கவலை. லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இரு முனைகளையும் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். போர்ட்டில் சிறு விளக்கு இருந்தால் எரியும். அது எரியவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மேற்கொண்டு போவதில் பயனில்லை.

லேப்டாப்பில் செய்யவேண்டியது

லேப்டாப்பில் இணையம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் இருக்கவேண்டும்.

1. ஸ்டார்ட் மெனுவில் 'வியூ நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' என்று தேடித் திறங்கள். வைஃபை, ஈத்தர்நெட் என்று படங்கள் தெரியும்.

2. வைஃபை மேல் வலது க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். கவனம், வைஃபை மேல்தான். கேபிள் வழியாகக் கொடுக்கப்போகிறோம், அதனால் ஈத்தர்நெட்டில்தான் ஏதோ செய்யவேண்டும் என்று மனசு சொல்லும். நானும் அதை நம்பி அரை மணி நேரம் ஈத்தர்நெட்டில் டிக் போட்டு உட்கார்ந்திருந்தேன். இணையம் எந்த வழியாக உள்ளே வருகிறதோ, அதைத்தான் பகிரவேண்டும்.

3. 'ஷேரிங்' என்ற தாவலில் முதல் பெட்டியை டிக் செய்யுங்கள். மற்றவர்கள் இந்தக் கம்ப்யூட்டரின் இணைய இணைப்பைப் பயன்படுத்த அனுமதி கொடு என்பதுதான் அதன் பொருள்.

4. அதன் கீழே 'ஹோம் நெட்வொர்க்கிங் கனெக்‌ஷன்' என்று ஒரு பட்டியல் வந்தால், ஈத்தர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். வேறு அடாப்டர்கள் இல்லாத லேப்டாப்பில் இந்தப் பட்டியல் வராது, பயப்படவேண்டாம். 'ஓகே' கொடுங்கள்.

கேபிள் பக்கத்து ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்) 192.168.137.1 ஆக மாறும் என்று ஓர் அறிவிப்பு வரலாம். சம்மதியுங்கள். லேப்டாப் வேலை அவ்வளவுதான்.

அதே ஜன்னலில் இரண்டு படங்களையும் தேர்ந்தெடுத்து 'பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்' கொடுத்து, இரண்டையும் ஒரே நெட்வொர்க்காகச் சேர்ப்பதும் ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். வைஃபைக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. தன்னிடம் பதிவு செய்துகொண்ட கருவியின் மேக் முகவரியிலிருந்து (MAC, நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருவதைத்தான் வைஃபை ரவுட்டர் ஏற்கும். பிரிட்ஜ் போட்டால் பின்னாலிருக்கும் டெஸ்க்டாப் தன் சொந்த முகவரியோடு எட்டிப்பார்க்கும், ரவுட்டர் அதைக் கண்டுகொள்ளாது.

டெஸ்க்டாப்பில் சரிபார்ப்பது

டெஸ்க்டாப் முகவரியைத் தானாகப் பெறும் நிலையில் இருந்தால் போதும். விண்டோஸ் நிறுவியவுடன் அப்படித்தான் இருக்கும். முன்பு யாராவது நிலையான ஐபி முகவரி கொடுத்திருந்தால் மட்டும் ஈத்தர்நெட் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4-ஐத் திறந்து, முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவை) இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

இப்போது பிரவுசரைத் திறந்து பாருங்கள். பக்கம் வந்துவிட்டதா? சரி, மீதியை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். வரவில்லையா? கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையை ஓடவிட்டு ஈத்தர்நெட்டின் முகவரியைப் பாருங்கள். 192.168.137 என்று தொடங்கி, கேட்வே (வெளியே போகும் வாசல், இங்கே லேப்டாப்) 192.168.137.1 என்று இருந்தால் கேபிள் பக்கம் நலம். 169.254 என்று தொடங்கினால், கேட்டும் முகவரி கொடுக்க யாரும் முன்வரவில்லை, டெஸ்க்டாப் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். லேப்டாப்பில் டிக்கை எடுத்து ஓகே கொடுத்து, மறுபடி போடுங்கள். லேப்டாப்பில் தனி ஆன்டிவைரஸ் ஃபயர்வால் இருந்தால் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தும் பக்கம் வரவில்லையென்றால் அதே கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-க்கு 'பிங்' (ping 8.8.8.8) செய்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் இணையம் இருக்கிறது, டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. அந்த நிலையில் மட்டும் டெஸ்க்டாப்பில் கை வைத்து டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 கொடுக்கலாம்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

இது மிகவும் சாதாரணம். லேப்டாப் தூங்கப் போனால் இணையமும் போய்விடும். பவர் அமைப்பில் ஸ்லீப்பை நிறுத்துங்கள். லேப்டாப்பை மறுதொடக்கம் செய்த பிறகு பகிர்வு நின்றுபோவதும் உண்டு. டிக் இருக்கும், இணையம் இருக்காது! 'சர்வீசஸ்' ஜன்னலில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்பதைத் தேடி, அதன் தொடக்க வகையை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் டிக்கை எடுத்துப் போடுவதுதான் கைகண்ட மருந்து.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அப்புறம் ஷேரிங் போய் 'இன்டர்நெட் ஷேரிங்'கில் வைஃபையிலிருந்து ஈத்தர்நெட்டுக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸில் எல்லாம் தலைகீழ்: கேபிள் இணைப்பின் ஐபிவி4 பகுதியில்தான் 'ஷேர்ட் டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' இருக்கும்.

வேலை முடிந்ததும் அந்த டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை லேப்டாப் தன் லேன் போர்ட்டில் யார் கேட்டாலும் முகவரி கொடுத்துக்கொண்டே இருக்கும். அதே லேப்டாப்பை நாளை அலுவலக நெட்வொர்க் கேபிளில் செருகினால், அங்கிருக்கும் கம்ப்யூட்டர்கள் சில, முகவரி கொடுக்கும் உண்மையான சர்வரை விட்டுவிட்டு உங்கள் லேப்டாப்பிடம் முகவரி வாங்கிக்கொண்டு இணையமில்லாமல் நிற்கக்கூடும்.