குறியெண்ணைப் பிடித்து ரூன் கல்வெட்டின் பழைய பதிப்புகளைத் தேடுவது எப்படி

ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து. அது வெட்டிய கல்லை ஊர்ப்பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே ஊரில் நாலைந்து ரூன் கற்கள் இருக்கலாம். கல்வெட்டுத் தொகுப்புகளில் ஒவ்வொரு கல்லுக்கும் தந்திருக்கும் குறியெண்தான் பிடி. அதன் முன்னெழுத்து எந்தத் தொகுப்பு என்று சொல்லிவிடும். ‘யூ’ என்றால் சுவீடனின் உப்லாந்து மாகாணம்: 1900-இல் தொடங்கிய சுவீடன் தொகுப்பில் 6 முதல் 9 வரையான தொகுதிகள். ‘டிஆர்’ என்றால் 1941–42-இல் யாகப்சனும் மொல்ட்கேயும் வெளியிட்ட டென்மார்க் தொகுப்பு.

பலர் இடறுவது இங்கேதான். ஸ்கோனே இன்று சுவீடனில் இருந்தாலும் அங்குள்ள கற்களுக்கு டிஆர் எண்தான், ஏனென்றால் அது அன்றைய டென்மார்க். தொகுதி அச்சான பின் கிடைத்த கல்லுக்கு இதழின் பெயரே எண்ணாகும்: ‘யூ எஃப்வி1959;196’ என்றால் ஃபோர்ன்வென்னன் இதழ், 1959, பக்கம் 196.

அடுத்து, தொகுதியில் அந்தக் கல்லுக்கான பதிவைத் திறந்து, பழைய நூல்களைக் குறிக்கும் வரியை எழுதிக்கொள்ளுங்கள். ‘எல்’ எண் லில்யெக்ரேன் 1833-இல் போட்ட பட்டியல். ‘பி’ எண் 1750-இல் யோரான்சன் அச்சிட்ட மரச்செதுக்குப் படங்கள். இவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள். அன்று தெரிந்த எழுத்து இன்று சிதைந்திருக்கலாம். ரூன் பொறித்த டென்மார்க்கின் கல்லேஹூஸ் பொற்கொம்பு 1734-இல் கிடைத்தது, 1802-இல் திருடி உருக்கப்பட்டது. அதன் வாசகம் நமக்கு மிஞ்சியதே பழைய வரைபடங்களால்தான்.

பிறகு, ரூன்களை இன்றைய எழுத்தில் மாற்றித் தரும் எழுத்துப்பெயர்ப்பு வரியில் வரும் குறிகள். பிறை அடைப்பு: சிதைந்த எழுத்து. சதுர அடைப்பு: கல்லில் இன்று இல்லை, பழைய படத்திலிருந்து எடுத்தது. சிறுகோடு: அங்கே ஒரு ரூன் உண்டு, படிக்க முடியவில்லை. யூ 344-ஐப் பாருங்கள். இங்கிலாந்தில் உல்ஃப் மூன்று முறை திறைப்பணம் பெற்றதைச் சொல்லும் கல் அது. திறையை முதலில் டோஸ்டி என்பவன் ‘கொடுத்தான்’ என்ற இடத்தில் க், அ, சிறுகோடு, ட். அதே சொல் பின்னால் க்னூட் அரசனுக்கு வரும்போது க், அ, ல், ட் என முழுசாக இருக்கிறது. படிக்க முடியாதது ‘ல்’ என்று கல்லே சொல்கிறது. ஆனாலும் எழுத்துப்பெயர்ப்பில் சிறுகோட்டை அழித்து ‘ல்’ போடக்கூடாது. பொருள் எழுதும் வரியில் மட்டும் நிரப்புங்கள். இந்த இரண்டு வரிகளையும் கலப்பதால் நுழையும் பிழை பதிப்புக்குப் பதிப்பு தொடரும்.

கடைசியாக, கல்லின் சிவப்புச் சாயத்தை நம்பாதீர்கள். அது பிற்காலத்தில் யாரோ ஒருவர் வாசித்தபடி பூசியது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்குப் பிடித்து, திசை மாற்றி மாற்றிப் பாருங்கள். வெட்டிய கோடு எல்லாத் திசையிலும் நிழல் காட்டாது.