மடிந்த மலையகப் பாறைகளைக் கணினியில் விரிப்பது எப்படி

விரிப்பது என்றால், நிலத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தது போன்ற வெட்டுமுகப் படத்தில், மடிந்த பாறைப் படைகளை மடியும் முன் இருந்த நிலைக்குத் திருப்புவது. வரைபடத்தில் அந்த வெட்டுமுகக் கோட்டை மடிப்பின் அச்சுக்குச் செங்குத்தாகவே போடுங்கள். சரிந்து போட்டால் நீளக் கணக்கு முழுவதும் பொய்யாகும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இலங்கை கிரிட் 1999 என்ற ஆள்கூற்று முறையை வைத்து, உயரத்தையும் கிடைத்தூரத்தையும் ஒரே அளவுத்திட்டத்தில் எடுங்கள்.

தேயிலைத் தோட்டத்துச் சாலை வெட்டுகளில் படைகளின் சாய்வை (படை கிடைமட்டத்திலிருந்து கீழிறங்கும் கோணம்) அளக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். உக்கிய பாறை மண்ணோடு மெல்லக் கீழே நகர, மேலுள்ள படைகள் சரிவுப்பக்கம் வளைந்துவிடும். அங்கே எடுத்த சாய்வு பாறையின் சாய்வே அல்ல. ஓடைப் படுக்கையில் உக்காத பாறையைத் தேடுங்கள்.

வெட்டுமுகம் நீட்சித் திசைக்குச் (சாய்ந்த படையில் வரையும் கிடைக்கோட்டின் திசை) செங்குத்தாக இல்லாவிட்டால், உண்மைச் சாய்வின் தாஞ்சனை அவ்விரண்டுக்கும் உள்ள இடைக்கோணத்தின் சைனால் பெருக்குங்கள். 40 பாகைச் சாய்வு, 60 பாகை இடைக்கோணம் என்றால் வரைய வேண்டியது 36 பாகை.

விரிக்கும்போது கடைசியாக நடந்ததை முதலில் நீக்க வேண்டும். அது மடிப்பை வெட்டிய பிளவுப்பெயர்ச்சியானால் (பாறை பிளந்து, பிளவின் வழியே நகர்ந்தது), அறுந்த குவாட்சைற்றுப் (உருமாறிய மணற்கல்) படையின் இரு முனைகளும் பொருந்தும்வரை ஒரு பக்கப் பாறையைப் பிளவுத் தளத்தின் வழியே பின்னகர்த்துங்கள். பிறகே மடிப்பு. 4 கிலோமீற்றர் வெட்டுமுகத்தில் படையின் நீளம் 5.4 கிலோமீற்றர் வந்தால், குறுக்கம், அதாவது மடியும் முன் இருந்த நீளத்தில் குறைந்த பங்கு, 26 சதவீதம்.

ஆனால் மலையகப் பாறைகள் ஆழத்தில், கடும் வெப்பத்தில் குழைந்தவை. பளிங்குப் படை மடிப்பின் முனையில் தடித்து, பக்கங்களில் மெலியும். அதற்கு நீளக் கணக்கு உதவாது, பரப்பளவை மாறாமல் வைத்து விரியுங்கள். குவாட்சைற்றும் ஓரளவு இழுபட்டிருக்கும் என்பதால் அந்த 26 சதவீதத்தை அறுதியான விடையாக எழுதிவிடாதீர்கள்.

விரித்த படத்தில் படைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலோ இடைவெளி விழுந்தாலோ, மென்பொருளைத் தொடாமல் வெட்டுமுகத்தைத் திருத்துங்கள்.