பனிச்சறுக்கில் கரைந்த கலோரி: ஒரு பி.டி. வாத்தியார் கணக்கு

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். போன பிப்ரவரியில் அக்கா மகன் என்னைக் காஷ்மீர் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கக் கூட்டிப் போனான். சாயங்காலம் அறைக்கு வந்ததும், என் கையில் கட்டிவிட்டிருந்த வாட்ச்சைப் பார்த்து, "மாமா, 1,900 கலோரி! இனி அல்வாவை ஒரு பிடி பிடிக்கலாம்" என்றான்.

"ஏலே, நான் விழுந்து கிடந்ததையும் சேர்த்தா சொல்லுது?" என்றேன். அன்று ராத்திரி கம்பளிக்குள் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

உடல் உழைப்பை 'மெட்' என்ற அளவில் சொல்வார்கள். சும்மா இருப்பது 1 மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி. மலைச்சரிவில் சறுக்குவது மெதுவாக என்றால் 4.3, நடுத்தரம் 5.3, பந்தய வேகம் 8. மெட்டை உங்கள் எடையாலும் மணியாலும் பெருக்கினால் கலோரி வந்துவிடும்.

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். காலை ஒன்பதரைக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பினால் ஆறரை மணி நேரம். என் எடை 72 கிலோ. 5.3 × 72 × 6.5 என்று பெருக்கினால் 2,480 வரும். படு பொய். அந்த 5.3 சறுக்கும் நிமிஷங்களுக்கு மட்டும்தான். அதனால் ஒரு இறக்கத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள், எத்தனை தடவை இறங்கினீர்கள் என்று எண்ணுங்கள். எனக்கு மூன்று நிமிஷம், இருபது தடவை. மொத்தமே ஒரு மணி நேரம்! 382 கலோரி.

மிச்ச நேரத்தையும் பிரிக்க வேண்டும். ஸ்கி என்ற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் மேலே ஏறியது ஒரு மணி. அதற்கு 6 மெட் வைத்தேன், 432. பார்த்தீர்களா, சறுக்கியதைவிட ஏறியதுதான் அதிகம். வரிசையில் நின்றது இரண்டு மணி, 1.5 வீதம் 216. டீயும் கதையுமாக உட்கார்ந்தது இரண்டரை மணி, 1.3 வீதம் 234. ஆக 1,264. வீட்டில் சும்மா கிடந்திருந்தாலே அந்த ஆறரை மணிக்கு 468 போயிருக்கும். அதைக் கழித்தால் சறுக்கப் போனதால் கூடுதலாகக் கரைந்தது கிட்டத்தட்ட 800.

வாட்ச் ஏன் ஏமாற்றியது? அது நாடித்துடிப்பைப் பார்த்து உழைப்பை ஊகிக்கிறது. குல்மார்க் 2,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிவு, துடிப்பு ஏறும். சரிவைப் பார்த்த பயத்தில் இன்னும் ஏறும். பயத்துக்கெல்லாம் கொழுப்பு கரையாது.

தொடை வலியையும் நம்பாதீர்கள். பண்பொழி திருமலைக் கோயில் படியில் ஏறும்போது மூச்சு வாங்கும்; ஆனால் இறங்கிய மறுநாள்தான் தொடை பிடிக்கும். நீண்டபடியே பாரம் தாங்கும் தசைக்கு வலி அதிகம், செலவு குறைவு. சறுக்கலும் அதே ஜாதி.

அப்புறம் அந்த அல்வா. ஊரிலிருந்து கொண்டுபோனது, குளிரில் நெய் வெள்ளையாக உறைந்து கல்லாகிவிட்டது. கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தாலும் 200 கிராமில் என் 800 தீர்ந்தது. மருமகன் அதற்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்து இளக்கிவிட்டான்.