ரோபோ கதையில் அசிமோவைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு ரோபோ படமோ தொடரோ பார்த்து முடித்ததும், இதில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் பங்கு எவ்வளவு என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முதலில் ஒரே ஒரு சிறுகதையைப் படியுங்கள். 1942 மார்ச்சில் வெளியான 'ரன்அரவுண்ட்'. ரோபோக்களுக்கு அவர் வகுத்த மூன்று விதிகளும் முதன்முதலில் முழுசாகச் சொல்லப்பட்டது அதில்தான், 1950-இல் வந்த 'ஐ, ரோபோட்' தொகுப்பில் இருக்கிறது. மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது. அதை மீறாதவரை மனிதர் சொன்னதைக் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையூறு இல்லாதவரை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

கதை புதன் கிரகத்தில் நடக்கிறது. செலினியம் என்ற தனிமத்தை எடுத்துவரப் போன ஸ்பீடி என்ற ரோபோ திரும்பி வராமல், செலினியம் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, உளறுகிறது, பாட்டு வேறு பாடுகிறது. அதற்குப் பழுது ஒன்றும் இல்லை. கட்டளையை ஏனோதானோ என்று கொடுத்ததால் இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு, விலை உயர்ந்த ரோபோ என்பதால் மூன்றாம் விதியைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள், குட்டைக்குப் பக்கத்திலோ ஆபத்து. கிட்டே போனால் மூன்றாவது தள்ளுகிறது, விலகினால் இரண்டாவது இழுக்கிறது, இரண்டும் சமமாகிற தூரத்தில் அது மாட்டிக்கொள்கிறது. கடைசியில் அங்கே வேலை செய்யும் பவல் என்ற மனிதர் தன் உயிரைப் பணயம் வைத்து வெயிலில் இறங்கியதும்தான் முதல் விதி மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வருகிறது.

நீங்கள் தேட வேண்டியது இதைத்தான். ரோபோ தப்பாக நடந்தால், அது கெட்ட புத்தியாலா, விதிக்கும் விதிக்கும் நடுவே சிக்கியதாலா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அசிமோவ் வழிதான். படைத்தவனையே அழிக்கக் கிளம்பும் எந்திரம் அவருக்கு முன்பே இருந்தது, செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 1920 நாடகமான 'ஆர்.யூ.ஆர்.'-இலேயே ரோபோக்கள் கலகம் செய்து மனித இனத்தையே ஒழித்துவிடும். அந்தப் பயத்துக்கு எதிராகத்தான் அசிமோவ் எழுதினார், அதனால் 'டெர்மினேட்டர்' மாதிரிப் படங்களை அவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் வசனத்தைக் கவனியுங்கள். 'ஏலியன்ஸ்' படத்தில் (1986) பிஷப் என்ற ஆண்ட்ராய்டு (மனித உருவ ரோபோ) தன்னைப் பற்றிச் சொல்வது கிட்டத்தட்ட முதல் விதியேதான். மூளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்: 1987-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வரும் டேட்டா என்ற ஆண்ட்ராய்டுக்கு இருப்பது பாசிட்ரானிக் மூளை, அது அசிமோவ் கதைகளிலிருந்து நேராக எடுத்தது, தொடரிலேயே அவர் பெயரைச் சொல்லி ஒத்துக்கொள்கிறார்கள்.

விதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றுவிட வேண்டாம். அவரிடமிருந்து வந்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மனிதனும் மனித உருவில் இருக்கும் ரோபோவும் ஜோடியாகத் துப்பறிவது. 1954-இல் நூலாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் ரோபோக்களைக் கண்டாலே பிடிக்காத எலைஜா பேலி என்ற துப்பறிவாளருக்கு, ஆர். டேனீல் ஒலிவா என்ற ரோபோவைக் கூட்டாளியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வெறுப்பு மரியாதையாக மாறுகிற பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள், படித்த கையோடு டேட்டா வருகிற அத்தியாயங்களில் ஒன்றிரண்டைப் போட்டுப் பாருங்கள்.